மிதமிஞ்சிப் புகழ்ந்த கடிதம்

"மூணு மணிக்கு அவன் வேலைக்கு வந்துடுவான்," என்றாள் முதியோர் இல்லத்தின் நிர்வாகி மார்லீன். தான் வரவழைத்த துப்பறிவாளர் விர்ஜில் உட்காரும்வரைகூட அவளுக்குப் பொறுக்கவில்லை. "இங்க தங்கியிருக்கிற ஹேசலம்மா கையில நாலு விரல் தடம். கேட்டா வாயே திறக்கல. எனக்குப் புதுசா சேர்ந்த ட்ராய் மேலதான் சந்தேகம். ஆனா முன்னாடி அவன் வேலை பார்த்த இல்லம் குடுத்த நற்சான்றுக் கடிதம் இது. ஆதாரமில்லாம வேலையை விட்டு அனுப்பினா கேஸ் போடுவான்."

மணி இரண்டே கால்.

விர்ஜில் காகிதத்தையும் நம்பமாட்டார், மனிதரையும் நம்பமாட்டார். மெல்லப் படித்தார். 'தங்கமான பையன். திரும்பவும் கட்டாயம் சேர்த்துக்கொள்வோம்.' வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு சாம்பல் கோடு. எழுந்துபோய்க் கூடத்தில் ஒட்டியிருந்த சாப்பாட்டுப் பட்டியலையும் படித்தார்.

"பசிக்குதா சார்?" என்றாள் உதவியாளர் ஜோலீன். அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "ட்ராயே எழுதிக் கொண்டுவந்திருப்பான். போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"முதல்ல இங்க வேலைக்கு ஆள் எடுக்கிறவனைக் கூப்பிடு."

கர்ட்டிஸ் வந்து நின்றான். கண் கடிகாரத்திலேயே இருந்தது.

"வழக்குக்குப் பயந்துக்கிட்டு எந்த இல்லமும் சேர்ந்த தேதி, விலகின தேதி தவிர ஒண்ணும் சொல்லாது," என்றார் விர்ஜில். "இதுல புகழ்ந்து தள்ளியிருக்கு. அப்பவே பொய்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் இந்தக் கோடு. உங்க சாப்பாட்டுப் பட்டியல்லயும் இதே இடத்துல இதே கோடு. இந்த இல்லத்து பிரிண்டர்ல அடிச்சது. நீதானே எழுதினே?"

"அந்த இல்லத்துக்கு போன் பண்ணேன் சார். தேதி மட்டும் சொன்னாங்க. சொல்லிட்டு வைக்காம லைன்லயே இருந்தாங்க. இங்க ஆள் பத்தல. அரசாங்க ஆய்வுக்கு வந்தா ஃபைல்ல சான்று கேப்பாங்க, அதான் நானே..."

"ஏன் வைக்கலன்னு கேட்டியா?"

கர்ட்டிஸ் அந்த இல்லத்தின் எண்ணை எழுதி நீட்டினான்.

விர்ஜிலே அந்த இல்லத்தின் நிர்வாகியைத் தொலைபேசியில் அழைத்தார். "மேடம், விசாரிச்சுக்கலாம்னு ட்ராய் கையெழுத்துப் போட்ட தாள் இங்க இருக்கு. நல்லெண்ணத்தோட உண்மையைச் சொல்ற இல்லத்து மேல வழக்குப் போட முடியாதுன்னு நம்ம மாநிலத்துல சட்டமே இருக்கு. படிச்சுக் காட்டவா?"

மறுமுனையில் அந்த அம்மாள் அறைக்கதவை மூடும் சத்தம் கேட்டது.

"வேண்டாம். இங்க இருந்த வயசானவங்க ரெண்டு பேர் மணிக்கட்டை முறுக்கினான். நிரூபணமாகித்தான் அனுப்பினோம். யாராவது இன்னொரு கேள்வி கேப்பாங்களான்னு அன்னைக்கே காத்துக்கிட்டு இருந்தேன்."

மூன்று மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். பனியை நெரித்துக்கொண்டு ட்ராயின் பிக்கப் வண்டி வந்து நின்றது. ஜன்னலோரம் இருந்த ஹேசல் சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். மார்லீன் ஓடிப்போய் வாசல் கதவை உட்பக்கமாகப் பூட்டினாள். ஜோலீன் போலீஸுக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி என்னை யாரு படுக்கவைப்பா?" என்றாள் ஹேசல்.

"நான்தான்," என்றாள் மார்லீன்.

ஹேசல் பூட்டிய கதவைப் பார்த்தாள். பிறகு மற்றொரு பக்கத்துச் சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

"அப்போ இதையும் பாரு."