பிடித்த இடமெல்லாம்

மனைவியின் தலையணையைச் சரிசெய்யப் போனபோதுதான் பெயிண்டர் அதைக் கவனித்தான். உறையோடு அவள் உதட்டுத் தோல் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஆறின பால்மேல் படியும் ஆடை மாதிரி மெல்லிசாக, இன்னும் ஈரமாக.

"கண்ணைத் திறக்க முடியலைங்க. மிளகாய் அரைச்சு அப்பின மாதிரி எரியுது" என்றாள்.

சாயங்கால வெளிச்சம் ஜன்னலில் மங்கிக்கொண்டிருந்தது. நாளெல்லாம் தின்னர் நெடியிலேயே கிடக்கிற அவன் மூக்குக்குச் சாமானியமாக எந்த வாடையும் ஏறாது; அவனுக்கே பச்சை இறைச்சி வாடை குப்பென்று அடித்தது, மின்விசிறி சுற்றச் சுற்ற அது சுவரெல்லாம் படிந்துகொண்டு வந்தது. அவள் கழுத்திலும் மார்பிலும் நேற்றுச் சிவந்திருந்த தடிப்புகள் இன்று கறுத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, நீர்கோத்து நின்றன.

வலிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "முதல்ல அரை மாத்திரைதான். மெதுவாத்தான் ஏத்தணும். உடம்புல தடிப்பு வந்தா உடனே ஓடி வாங்க, சிலருக்கு இந்த மாத்திரை தோலையே உரிச்சிடும்."

இவனோ, அடுப்படியில் அவள் வெட்டி வெட்டி இழுத்துக் கிடந்ததைப் பார்த்தவன். அரை மாத்திரைக்கு வலிப்பு எங்கே கேட்கப் போகிறது என்று முதல் நாளே முழுசாகக் கொடுத்தான். தடிப்பு வந்ததும், வேர்க்குருதான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். நிறுத்தினால் வலிப்பு வந்துவிடுமே. பாவி மனுஷன், பயத்தில் புத்தியை அடகு வைத்துவிட்டான். இன்று காலையில்கூட ஒன்று கொடுத்திருந்தான்.

"போன் போட்டுட்டேன், ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டே இருக்கு. கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோம்மா."

கட்டில் கால் தரையில் தட்டியது. டக். டக். டக்.

வலிப்பு.

உடம்பு வில்லாக வளைந்தது. தலை கட்டில் சட்டத்தில் போய் மோதியது. மறுபடியும். மறுபடியும். மண்டை பிளந்துவிடும்.

வலிப்பு வந்தால் அமுக்கிப் பிடிப்பதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். அப்படிப் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் காதில் ஏறவில்லை. பாய்ந்து இரண்டு மணிக்கட்டையும் பிடித்தான்.

வழுக்கியது.

தோல் அவன் பிடியிலேயே நின்றது. கை உருவிக்கொண்டு போனது. சிவப்பாக. பளபளவென்று.

தோளைப் பிடித்தான். அதுவும் வந்தது.

தலை மோதிக்கொண்டே இருந்தது. சட்டத்தில் ரத்தம். எங்கே பிடிப்பான்? பிடிக்க இடமே இல்லை. கடைசியில் அவள் முகத்தை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தி இறுக்கினான்.

துள்ளல் மெல்ல அடங்கியது. வாசலில் ஆம்புலன்ஸ்காரர்கள் கதவைத் தட்டினார்கள்.

"கையை எடுங்க," அவள் முனகினாள். "எரியுது."

அவன் எடுக்கவில்லை. எடுத்தால் கையோடு என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும்.