யசோதினியின் ஊசி எங்கே?

சின்னம்மா முறையான லைலா சாச்சியை ஏற்றிக்கொண்டு ஆட்டோ புறப்பட்டது. ஆகிலா வாசலில் நின்று கையை ஆட்டி ஆட்டிக் களைத்துப்போனாள்.

சாச்சியின் மடியில் அவருடைய மூன்று மாதக் குழந்தை, தம்பி ஸஹீத். சாச்சியின் காலடியில் ஒரு பை. அந்தப் பைக்குள், தம்பிக்காக ஆகிலா தன் கையால் தைத்த முதல் விரிப்பு.

நூலக விடுமுறை வகுப்பில் பழகிய தையல் அது. காந்தா என்று பெயர். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வரிவரியாக ஊசியோட்டி, மெத்தென்ற விரிப்பாக்கிவிடுவார்களாம். ஆகிலாவும் உம்மாவின் பழைய நூல்சேலையைப் பல மடிப்பாக மடித்து, சிவப்பு நூலால் தைத்திருந்தாள்.

"மெய்யாவே நீதான் தைச்சியா?" என்று கேட்டு, சாச்சி அவள் நெற்றியில் முத்தமிட்டிருந்தார்.

ஆட்டோ கிளப்பிய தூசி அடங்குவதற்குள், பக்கத்து ஊரான பாண்டிருப்பிலிருந்து யசோதினி சைக்கிளில் வந்து இறங்கினாள். வகுப்பில் ஆகிலாவுக்குப் பக்கத்தில் இருந்து தைப்பவள் அவள்தான்.

"ஆகிலா, நான் தந்த நீட்டு ஊசியைத் தாறியா? நாளைக்கு வகுப்புக்கு வேணும்."

"ஓம், பொறு. எடுத்துத் தாறன்."

தையல் பெட்டியில் ஆகிலாவின் குட்டை ஊசி இருந்தது. நீட்டு ஊசியைக் காணவில்லை. பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினாள். பாயைத் தூக்கிப் பார்த்தாள். இல்லை.

கடைசியாக அதை எங்கே வைத்தாள்?

கடைசி வரியை முடித்த நேரத்தில்தான் வாசலில் ஆட்டோச் சத்தம் கேட்டது. நூலின் நுனியை ஒளிப்பதற்காக ஊசியைச் சேலை மடிப்புகளுக்குள் நுழைத்தாள். நூலை வெட்டினாள். "சாச்சி வந்திட்டாங்க!" என்று எழுந்து ஓடினாள்.

ஊசியை வெளியே இழுத்தாளா? இழுத்த நினைவே இல்லை.



"யசோ, ஊசி விரிப்புக்குள்ள இரிக்கி."

"எந்த விரிப்பு?"

"தம்பிட விரிப்பு."

யசோதினியின் கண்கள் பெரிதாகின. "கெதியா சாச்சிக்குக் கோல் எடு!"

ஆகிலா உம்மாவின் போனை எடுத்துச் சாச்சியின் இலக்கத்தை அழுத்தினாள். உடனே, சாய்கதிரையின் மெத்தைக்குப் பின்னாலிருந்து இன்னொரு போன் பாடத் தொடங்கியது. சாச்சி தன் போனை மறந்துவிட்டுப் போயிருந்தார்! சாச்சியின் கணவர் சாச்சாவோ கட்டாரில் வேலை செய்கிறார். நற்பிட்டிமுனையில் உள்ள அவர்கள் வீட்டில் சாச்சியையும் தம்பியையும் தவிர வேறு யாரும் இல்லை.

குசினியில் உம்மா தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். "ஒரு ஊசி தொலைஞ்சாலும் தையல் பெட்டியைப் பறிச்சு மேல வெச்சிருவன்" என்று முதல்நாளே சொன்ன உம்மா. ஊசி இங்கேதான் எங்காவது விழுந்திருக்குமோ? ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாமோ?

ஸஹீத் கைகால்களை உதறி உதறிப் படுப்பது அவள் நினைவுக்கு வந்தது.

"யசோ, நீ இங்க நல்லாத் தேடு. நான் உம்மாக்கிட்டச் சொல்றன்."

"ஏசுவாங்களே?"

"ஏசட்டும்."

ஆனால் உம்மா ஏசவில்லை. அதுதான் ஆகிலாவுக்கு இன்னும் பயமாக இருந்தது. கையிலிருந்த கோப்பையை அப்படியே விட்டுவிட்டு, தன் போனை எடுத்துக்கொண்டு, முக்காட்டை இழுத்துப் போட்டபடி உம்மா தெருவுக்கு ஓடினார்.

"முத்தலிப் காக்கா! ஆட்டோவை எடுங்க. நற்பிட்டிமுனைக்குப் போகணும்!"

பக்கத்து வீட்டு ஆட்டோக்கார அண்ணன் முத்தலிப் காக்கா காரணம் கேட்கவில்லை. உம்மாவும் ஆகிலாவும் ஏறியதும் ஆட்டோ பறந்தது.

"உம்மா..."

"ஒண்ணும் கதைக்காத மகள். அல்லாஹ்ட்ட துஆ கேளு."

சற்று நேரம் கழித்து உம்மாவே கேட்டார். "புள்ளையை அந்த விரிப்புல சுத்தியா கொண்டு போனா?"

"இல்ல உம்மா. பைக்குள்ள மடிச்சு வெச்சாங்க."

உம்மா ஒரு பெருமூச்சு விட்டார்.

வயல் வீதிக்குத் திரும்பியதும் ஆட்டோ நின்றது. முன்னால் நெல் வெட்டும் மெசின் ஒன்று முழு வீதியையும் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போனது. காக்கா ஹோர்னை அடித்தார். மெசின்காரருக்குக் கேட்கவில்லை. ஆகிலா தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்.

"வழி விடுங்க! சின்னப் புள்ளைக்கு ஆபத்து!"

அது மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது. மெசின் ஓரமாக வயலுக்குள் இறங்கியது.

சாச்சியின் வீட்டு வாசலில் இறங்கும்போதே உள்ளேயிருந்து ஸஹீத்தின் அழுகை கேட்டது. வீரிட்ட அழுகை.  ஆகிலா ஒரே ஓட்டமாக உள்ளே ஓடினாள்.

அறையில் பாய்மேல் அவளுடைய விரிப்பு விரிந்து கிடந்தது. சாச்சி குனிந்து, ஸஹீத்தை அதில் கிடத்தப் போனார்.

"கிடத்தாதீங்க சாச்சி!"

சாச்சி திடுக்கிட்டுத் தம்பியை மார்போடு அணைத்தார். "என்ன புள்ள? பசியில அழுறான். கிடத்திட்டுப் பால் கரைக்கலாமெண்டு பார்த்தன்."

"விரிப்புக்குள்ள ஊசி இரிக்கி சாச்சி. நான்தான் விட்டிட்டன்."

சாச்சி விரிப்பைவிட்டு இரண்டடி பின்வாங்கினார்.

உம்மா விரிப்பைத் தூக்கி உதறினார். ஒன்றும் விழவில்லை. யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடிப்புகள் தடிப்பாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

"வீட்டுலதான் விழுந்திரிக்கும்" என்றார் சாச்சி. "அழாத ஆகிலா."

"இல்ல சாச்சி, இதுக்குள்ளதான். எனக்கு நல்லாத் தெரியும்."

எல்லா வரியும் ஒரே சிவப்பு. எது கடைசி வரி? ஆகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டக் குனிந்தாள். ஒரு கரையில் தையல்கள் பெரிது பெரிதாக, கோழி நடந்த தடம்போலக் கோணல்மாணலாக இருந்தன. அது அவள் தொடங்கிய இடம்! வரிக்கு வரி தையல் சிறுத்து, நேராகி, மறுகரையில் எறும்பு வரிசைபோல ஒழுங்காக ஓடியது.

"இந்தக் கரைதான் உம்மா! கடைசியாத் தைச்சதுதான் வடிவா இரிக்கி."

அந்த வரியின் முடிவில் துணியை மெதுவாக மடித்தாள். ஓரிடம் மடிய மறுத்தது. பக்கத்தில் விரலை வைத்து மெல்லத் தள்ளினாள். மடிப்புக்குள்ளிருந்து பளிச்சென்று ஒரு முனை எட்டிப் பார்த்தது.

உம்மா அதைப் பிடித்து இழுத்தார். யசோதினியின் நீட்டு ஊசி!

 ஸஹீத் இன்னும் பசியில் அழுதுகொண்டிருந்தான்.

"இத நான் கொண்டு போறன் சாச்சி" என்றாள் ஆகிலா. "வேற ஒண்டு தைச்சுத் தாறன்."

"ஒண்ணும் வேணாம். விரி."

ஆகிலா விரித்தாள். ஆனாலும் மனம் கேட்கவில்லை. தன் கன்னத்தை அதில் வைத்து, ஒரு கரையிலிருந்து மறுகரைவரை மெல்லத் தேய்த்துக்கொண்டே போனாள். எங்கும் ஒன்றும் குத்தவில்லை.

சாச்சி ஸஹீத்தைக் கிடத்திவிட்டுப் பால் கரைக்கப் போனார். உம்மா ஊசியை ஒரு கடதாசியில் சுற்றி ஆகிலாவிடம் நீட்டினார். "கூட்டாளிட சாமான். நீயே கையில குடு."

பிறகு தங்கள் வீட்டில் கிடந்த சாச்சியின் போனுக்கு அழைத்தார். மறுமுனையில் யசோதினி மூச்சிரைத்தாள். "கதிரையெல்லாம் தூக்கிப் பார்த்திட்டன் மாமி. வீடு முழுக்கக் கூட்டியும் பார்த்திட்டன். இல்ல!"

"ஊசி இங்க கிடைச்சிட்டு புள்ள."

"அப்ப நான் சும்மாவா கூட்டினன்?"

உம்மா முதல் தடவையாகச் சிரித்தார். பால் போத்தலோடு வந்த சாச்சி, குனிந்து ஸஹீத்தைப் பார்த்துவிட்டு இன்னும் பலமாகச் சிரித்தார். அவன் அழுகையை நிறுத்திவிட்டு, விரிப்பை நன்றாக நனைத்துவிட்டு, காலை உதறிக்கொண்டு கிடந்தான்.

"இனி எப்படிப் புள்ள இதத் திரும்பக் கொண்டு போவாய்?" என்றார் சாச்சி.