பூமியிலிருந்து வந்த குட்டி வண்டி

அறுநூற்றுப் பதினொரு நாள், நான்கு மணி நேரம்.

நப்பின்னை எண்ணவில்லை. அவள் காதுக்குப் பின்னால் பதித்திருந்த சில்லு எண்ணியது. தினமும் காலையில் அன்றைக்கு வீட்டில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று சொல்லும். பிறகு அதே குரலில், "உங்கள் பூமிப் பொட்டலம் வந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லும். இன்று காற்றைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே, "வந்துவிட்டது" என்றது.

அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாய் நுரையோடு ஒரு துள்ளு துள்ளினாள். செவ்வாயில் துள்ளினால் கீழே வரச் சற்று நேரமாகும். அதற்குள் தலை கூரையில் இடித்தது.

"மெதுவாடி! கூரை கிழிஞ்சா இருக்கிற காத்தும் போயிடும்" என்றாள் அம்மா கோமளவல்லி.

"அம்மா, வண்டி வந்துடுச்சு!"

"அந்த ரெண்டு சக்கரமா? அதுல குந்திக்கிட்டு நீயே ஓட்டணுமாமே. யாருடி உனக்குச் சொல்லித் தருவா?"

நப்பின்னைக்கு முகம் சிவந்தது. "பழகிக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு அவசரமாக வாயைக் கொப்பளித்தாள்.

அவர்கள் இருந்தது நான்காம் குமிழியில். மூன்று கிலோமீட்டர் அகலத்துக்குக் கண்ணாடி இழைக் கூரை, அதற்குள் ஒன்பதாயிரம் பேர். இங்கே எல்லா வண்டிகளும் தாமே ஓடும். பன்னிரண்டு சக்கரம், மூடிய பெட்டி, மணிக்கு இருபது கிலோமீட்டர். ஏறி உட்கார்ந்து இடத்தைச் சொன்னால் தூங்கிக்கொண்டே போகலாம். மனிதரே கைப்பிடியைப் பிடித்து, வளைவில் உடம்பைச் சாய்த்து ஓட்டும் குட்டி மோட்டார் சைக்கிள் ஒன்று பூமியில் விற்றது. பெயர் 'தும்பி'. இடுப்புயரம்தான் இருக்கும். அதன் விளம்பரத்துக்கு அடியில் பொடி எழுத்தில், 'செவ்வாயில் விற்பனைக்கு இல்லை' என்று போட்டிருப்பார்கள். அந்தப் பொடி எழுத்துதான் நான்காம் குமிழியைக் கிறங்க வைத்தது. பூமியிலிருந்து வந்த சோப்பின் உறையைக்கூடச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற ஊர் அது. அறுநூற்றுப் பதினொரு நாளுக்கு முன் நப்பின்னை பூமியில் ஒரு தரகருக்குப் பணம் அனுப்பி, ஒன்றை வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தாள்.

நப்பின்னை இயற்பியல் பட்டதாரி. நாலு பேர் சேர்ந்து பார்த்தால் பேச்சு வராது. அவள் வேலை பார்த்த ஏற்றுமதி ஆலையில் ஏழு கூடங்கள் இருந்தன. ஒரு கூடத்திலிருந்து மற்றதற்கு மனிதர்கள் போக வழி கிடையாது. ஓரிடத்தில் குழாய் வளைப்பார்கள், ஓரிடத்தில் வெல்டு வைப்பார்கள், ஓரிடத்தில் நுரைப்பஞ்சு வெட்டுவார்கள். எதற்கென்று செய்கிறவர்களுக்கே தெரியாது. ஏதோ உழவுக் கருவி என்று ஒரு பேச்சு. கடைசிக் கூடத்தில் மனுஷி என்று நப்பின்னை ஒருத்திதான். மற்றவை எல்லாம் இயந்திரங்கள். அங்கே நடப்பதை வெளியே சொல்வதில்லை என்று வாய்ப்பூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். சொன்னால் அன்றே வேலை போய்விடும். நான்கு வருடமாகச் சொல்லவில்லை. கூச்ச சுபாவம் உள்ளவளுக்கு அது ஒன்றும் சிரமமாக இல்லை.

சுங்க முற்றத்துக்குப் பாதிக் குமிழி வந்திருந்தது. பெட்டியைப் பிரித்தார்கள். வெளிர் மஞ்சள் உடம்பு, வட்ட முகம், துடுக்கான ஒற்றை விளக்கு. நப்பின்னைக்குக் கால் தரையில் பாவவில்லை. நிஜமாகவே ஒரு சாண் மேலே போய்விட்டு வந்தாள்.

சுங்கப் பொறி தன் நீண்ட கழுத்தை வளைத்து வண்டியைச் சுற்றிப் பார்த்தது. "சக்கரங்கள் இரண்டு உள்ளன. மீதிப் பத்தைக் காணவில்லை. புகார் பதியட்டுமா?"

"அ... அவ்வளவுதான் வரும்" என்றாள் நப்பின்னை.

"நிறுத்தினால் விழுமே?"

"ஓட்டினா விழாது."

பொறி மூன்று விநாடி யோசித்தது. "ஓடும்போது நிற்கும், நிற்கும்போது விழும். இப்படி ஒரு வாகனம் பட்டியலில் இல்லை. 'இசைக்கருவி, இதர வகை' என்று பதிகிறேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நப்பின்னையும் சிரித்தாள், வயிறு வலிக்கச் சிரித்தாள். இன்றைக்கு யார் என்ன சொன்னாலும் சிரிப்பு வந்தது.

எதிர்வீட்டு ஜெயசீலி முண்டியடித்து முன்னால் வந்தாள். அவள் ஆலையில் நுரைப்பஞ்சு வெட்டுபவள். இருக்கையைத் தடவினாள், குனிந்து முகர்ந்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். "ஏ நப்பு! என்னா வாசனைடி! பூமியில மழை பேஞ்சா இப்படித்தான் மணக்குமாம்."

"நீ எப்பக்கா மழையப் பாத்த?" என்று யாரோ கேட்டார்கள்.

"பாக்கணுமா என்ன? மூக்குக்குத் தெரியாதா?"

அப்போது சுங்க ஆய்வாளர் ஞானராஜ் வந்தார். கூட்டம் வழி விட்டது. வண்டியைச் சுற்றி நடந்தார், குந்தினார், சட்டத்தின் மூட்டில் விரலை ஓட்டினார். பிறகு தலையைத் தூக்கி, ஆலையில் வெல்டராக இருக்கும் பொன்னுரங்கத்தைத் தேடிப் பிடித்தார்.

"யோவ், இங்க வா. இந்த வெல்டைப் பாரு. நூல் புடிச்ச மாதிரி இருக்கு. உங்க கையில வருமாய்யா இது?"

பொன்னுரங்கம் மூக்கு இடிக்கும் தூரத்துக்குக் குனிந்து பார்த்தார். "சான்ஸே இல்ல சார். பூமிக்காரன் பூமிக்காரன்தான். நாங்க போடுறதெல்லாம் சும்மா ஒட்டு."

நப்பின்னை வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"சரி, வண்டி அழகு" என்று ஞானராஜ் எழுந்தார். "ஆனா வெளிய விட முடியாதும்மா."

"ஏன் சார்?"

"தூசிச் சான்று எங்க?"

செவ்வாயின் தூசி மாவைவிட மெல்லியது. எந்த இயந்திரத்துக்குள்ளும் புகுந்து அதன் மூச்சை அடைத்துவிடும். அதனால் வெளியிலிருந்து வரும் எந்த வாகனமானாலும், அந்த ரகம் இந்தத் தூசியில் நூறு மணி நேரம் ஓடியதற்குச் சாட்சி வேண்டும். இல்லையென்றால் உருக்காலை. செவ்வாயில் உலோகத்தைச் சும்மா போட்டு வைப்பதில்லை.

"இங்க விக்கவே விக்காத வண்டி. இங்கத்தித் தூசியில எப்படி ஓடியிருக்கும்? ஆறு மணி ஷிப்டுல உள்ள போயிடும். ரெண்டு குழம்புச் சட்டி, நாலு கரண்டி தேறும். உங்கம்மாகிட்ட ஒரு கரண்டி குடுத்து விடறேன்."

"சார், இது தூசியில நல்லா ஓடும் சார்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும் சார்."

"நீ சொன்னா ஆச்சா? ஓட்டினது யாரு? பாத்தது யாரு?"

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் வண்டி போகும். அறுநூற்றுப் பதினொரு நாளும் காலையில் எழுந்ததும் அவளைச் சிரிக்க வைத்தது இந்த வண்டிதான். உருக்காலைக்குக் கொண்டுபோகும் தூக்குக்கை கிரீச்சிட்டபடி இறங்கி, மஞ்சள் உடம்பைப் பற்றியது. முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பியது.

"விடுய்யா, வருத்தப்படாத" என்று ஞானராஜ் பொன்னுரங்கத்தின் தோளில் தட்டினார். "உருக்கினா இரும்பு உங்க ஆலைக்குத்தான் வரும். உன் கைக்குத் தகுந்த மாதிரி வாளிக்குப் பிடி கிடி வச்சுக் குடு."

எல்லோரும் சிரித்தார்கள். பொன்னுரங்கமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நப்பின்னைக்கு மட்டும் இந்த முறை சிரிப்பு வரவில்லை.

"நிறுத்துங்க!"

தூக்குக்கைகூட நின்றது. அவள் குரல் அவ்வளவு பெரியது என்று அம்மாவுக்கே அன்றுதான் தெரிந்தது.

"நான் ஓட்டினேன் சார். நூறு மணி இல்ல, நாலு வருஷமா ஓட்டுறேன். ஆலைக்குப் பின்னாடி தூசிப் பாதையில, தெனமும்."

"என்னம்மா உளர்ற? வண்டி இன்னிக்குத்தான் பூமியிலேர்ந்து வந்து இறங்கியிருக்கு."

"அந்த சீட்டு ஜெயசீலி அக்கா வெட்டினது." ஜெயசீலி தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். "அந்த வெல்டு... அண்ணே, கையை முன்னாடி கொண்டு வாங்க. அது நீங்க போட்டது. சார், இது பூமி வண்டி இல்ல. நம்ம ஆலையில செஞ்சு, கடைசிக் கூடத்துல நான் ஓட்டிப் பாத்து, நாமதான் பூமிக்கு அனுப்புறோம்."