காற்றுப்பை குளித்த நாள்

போன ஜூலையில் நானும் என் தம்பி இல்போவும் கம்பளம் துவைத்தோம். ஏரிக்கரைத் துவைப்பு மேடையில், வருடா வருடம் செய்வதுதான். அவன் மண்டியிட்டு பிரஷால் தேய்த்தான். நான் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு பேருக்கும் எழுபது வயது தாண்டியிருந்தது.

"சோப்பு போதும்க்கா. துவைக்கிற ஆசை வந்தா நீ எங்கே போய் நிப்பேன்னு எனக்குத் தெரியாதா?"

"டேய், அது உன் யோசனை."

"உன்னோடது."

"அப்பாகிட்ட 'என் யோசனை'ன்னு சொன்னது யாரு?"

அவன் சிரித்தான். ஈரக் கம்பளத்தை இருவரும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கி, கம்பியில் போட்டோம். பிறகு காப்பி குடித்தோம்.

செப்டம்பரில் இல்போ இறந்துவிட்டான்.

அந்தக் கம்பளம் இப்போது என் சமையலறையில் கிடக்கிறது. அது யாருடைய யோசனை என்று அறுபது வருடமாக நாங்கள் போட்ட சண்டைக்கு இனி எதிராளி இல்லை. அதனால் அன்று நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. இல்போவுக்கு ஒன்பது. எங்கள் அப்பா தைஸ்தோ, ஹோங்காவாரா ஊரின் விமானத் திடலைப் பார்த்துக்கொண்டார். அதை விமான நிலையம் என்று சொல்ல அப்பாவுக்கே கூச்சமாக இருக்கும். பைன் காட்டுக்கு நடுவே நீளமாக ஒரு சரளைப் பாதை. ஒரு முனையில் தேவாலயம், மறு முனையில் சதுப்பு. ஓரத்தில் ஒரு குடிசை, ஒரு கம்பம், எங்கள் வீடு, நாங்கள் ஆவியில் குளிக்கும் சௌனா அறை. வாரம் ஒரு முறை தபால் விமானம் வரும். அவ்வளவுதான்.

அந்த ஜூன் மாதம் ஹெல்சிங்கியிலிருந்து கடிதம் வந்தது. பொறியாளர் நூர்மியோ சனிக்கிழமை மதியம் வந்து திடலைப் பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் தார் போடுவார்கள், தினமும் விமானம் வரும். பிடிக்காவிட்டால் திடலை மூடிவிடுவார்கள்.

"மூடிட்டா நாம எங்கேப்பா போறது?" என்று கேட்டேன்.

"அதை அப்புறம் பார்க்கலாம். இப்போ புல்லை வெட்டணும்" என்றார் அப்பா.

வெட்டினார். சரளையைச் சமப்படுத்தினார். குடிசைக்குச் சிவப்புச் சாயம் பூசினார். அம்மா ஏலக்காய் ரொட்டி சுட்டு ஜன்னலோரம் ஆறவைத்தாள். விருந்தாளிகள் குளிப்பதற்காகக் காலையிலிருந்தே சௌனாவின் கல் அடுப்பில் விறகு எரிந்தது. உடம்பில் தட்டிக்கொண்டு குளிக்க நான்கு பிர்ச் இலைக் கட்டுகளை இல்போ அழகாகக் கட்டி, வாளித் தண்ணீரில் ஊறவைத்திருந்தான்.

எல்லாம் பளிச்சென்று இருந்தது, காற்றுப்பையைத் தவிர.

காற்றுப்பை என்பது கம்பத்து உச்சியில் பறக்கும் நீளமான துணிக்குழாய். அது எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் காற்று போகிறது என்று விமானி தெரிந்துகொள்வார். எங்களுடையது தடித்த கித்தான் துணி. சிவப்பும் வெள்ளையுமாக இருக்க வேண்டியது, பைன் மகரந்தம் படிந்து மஞ்சளாகிவிட்டிருந்தது. போதாததற்குக் காக்கை எச்சம் வேறு.

"சளிக்காரன் கைக்குட்டை மாதிரி இருக்கு" என்றான் இல்போ.

"இதைப் போய்த்தான் அந்தப் பொறியாளர் முதல்ல பார்ப்பார்" என்றேன்.

"துவைச்சிட்டா என்ன?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டது எங்களில் ஒருவர். யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்பா சதுப்பு முனையில் வேலையாக இருந்தார். நாங்கள் கயிற்றை இழுத்துக் காற்றுப்பையை இறக்கினோம். ஏரிக்குக் கொண்டுபோய்க் கம்பளத்துக்குப் போடும் பைன் சோப்பைப் போட்டு, தேய் தேய் என்று தேய்த்தோம். மஞ்சள் நுரை போய், சிவப்பு சிவப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து பிழிந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

"காயுமாக்கா?"

"காத்துலதானே தொங்கப்போகுது! சட்டுன்னு காய்ஞ்சிடும்."

கம்பளம் காய இரண்டு நாள் ஆகும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். அன்று ஏனோ அது நினைவுக்கு வரவில்லை. ஈரத்தோடு அப்படியே மறுபடி கம்பத்தில் ஏற்றிவிட்டோம்.

மதியம் அப்பா புதுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். அவருடைய காலர் காற்றில் படபடத்தது. மேலே பார்த்தார். காற்றுப்பை நனைந்த காலுறை போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

"காத்து இந்த அடி அடிக்குது, இது ஏன் அசையமாட்டேங்குது?"

ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"சோப்பு!"

நான் தரையைப் பார்த்தேன். இல்போ ஓர் அடி முன்னால் வந்தான்.

"நான்தான்பா. என் யோசனை. அழுக்கா இருந்துச்சு…"

அப்பா வாயைத் திறப்பதற்குள் வானத்தில் சத்தம் கேட்டது. விமானம் வந்துவிட்டது.

விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். அப்போதுதான் வேகம் குறையும். பின்னாலிருந்து காற்று தள்ளினால் நிற்காமல் ஓடும். அன்று காற்று தேவாலயத்திலிருந்து சதுப்பை நோக்கி வீசியது. தேவாலயப் பக்கமிருந்து வந்து இறங்கினால் நேரே சதுப்புக்குள் போக வேண்டியதுதான். அந்தச் சின்ன விமானத்தில் ரேடியோ கிடையாது. விமானி சல்மேலாவிடம் விஷயத்தைச் சொல்ல இருந்தது அந்தக் காற்றுப்பை ஒன்றுதான். 'காற்றே இல்லை, எப்படி வேண்டுமானாலும் இறங்கு' என்று அது பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்பா திடலுக்குள் ஓடிப்போய்க் கையைக் கையை ஆட்டினார். விமானம் தன் இறக்கையை இப்படியும் அப்படியும் சாய்த்தது.

"ஐயோ, வரவேற்கிறோம்னு நினைச்சுட்டான்!" என்று அம்மா கத்தினாள்.

விமானம் தேவாலயப் பக்கம் திரும்பியது. அங்கிருந்து இறங்கப்போகிறது.

நான் காற்றுப்பையைப் பார்த்தேன். பிறகு சௌனாவைப் பார்த்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அது காய்ந்த விறகு, அதனால் புகைபோக்கியில் கண்ணுக்குத் தெரிகிற புகையே இல்லை. புகை மட்டும் இருந்தால் காற்று எங்கே போகிறதென்று வானத்திலிருந்தே தெரியுமே!

"இல்போ, வா!"

சௌனாவுக்குள் ஓடினேன். வாளியிலிருந்த இலைக் கட்டை எடுத்து அடுப்புக்குள் திணித்தேன்.

"அக்கா! அது விருந்தாளிக்குக் கட்டினது!"

"விருந்தாளி முதல்ல வந்து சேரட்டும்! அடுத்ததைக் குடு!"

அவன் கொடுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஈர இலை சீறியது. கண்ணெல்லாம் எரிந்தது. இருமிக்கொண்டே வெளியே வந்து பார்த்தோம்.

புகைபோக்கியிலிருந்து வெள்ளை வெளேரென்று புகை கிளம்பியது. தடிமனாக, கயிறு போலத் திரண்டு, காட்டுக்கு மேலே சதுப்பை நோக்கிப் படுத்துக்கொண்டே போனது.

விமானம் தேவாலயக் கோபுரத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. இல்போ என் கையை நசுக்கினான்.

சட்டென்று எஞ்சின் உறுமியது. விமானம் எங்கள் தலைக்கு மேலாக எழும்பி, புகையோடு கூடவே சதுப்புக்கு மேலே போய், ஒரு பெரிய வட்டம் போட்டுத் திரும்பியது. இப்போது காற்றுக்கு எதிராக வந்தது. சரளையில் மெதுவாக உட்கார்ந்தது. பாதித் திடல் மிச்சம் இருக்கும்போதே நின்றுவிட்டது.

சல்மேலா குதித்து இறங்கினார். "என்ன தைஸ்தோ, உன் காத்துப்பை தூங்குதா? ஏரியிலே அலை அடிக்குது, இது தொங்குது. எதை நம்புறதுன்னே தெரியலை. நல்லவேளை, உன் சௌனா முழிச்சுக்கிட்டு இருந்துச்சு!"

அவருக்குப் பின்னால் பொறியாளர் நூர்மியோ தொப்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மூக்கை உறிஞ்சினார்.

"பிர்ச் இலை வாசனை. சௌனா சூடாயிருக்கா?"

"சூடா இருக்கு சார். தட்டிக் குளிக்க இலைக் கட்டுதான் இல்லை" என்றார் அப்பா.

"ஏன்?"

"அதைப் பிடிச்சுக்கிட்டுத்தானே நீங்க இப்போ இறங்கினீங்க."

நூர்மியோவுக்கு முழு விஷயமும் புரிய இரண்டு கோப்பை காப்பியும் மூன்று ரொட்டியும் ஆயிற்று. புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சதுப்பு முனை வரை தனியாக நடந்து போய், ஒரு நோட்டில் நிறைய எழுதிக்கொண்டார். மாலையில் கிளம்பும்போது காற்றுப்பையை அண்ணாந்து பார்த்து, "சுத்தமா இருக்குன்னும் எழுதிட்டேன்" என்றார்.

அப்பா இல்போவுக்குத் தண்டனை கொடுத்தார். இருபது இலைக் கட்டுகள் கட்ட வேண்டும். பத்தை நான் கட்டினேன்.

அதற்கு மறு கோடையில் தார் வந்தது. சதுப்பு முனையில் மண் கொட்டி இன்னும் நீளமாக்கினார்கள். நான் பள்ளி முடித்தபோது கண்ணாடிச் சுவரோடு ஒரு கட்டடம் வந்தது, அதில் அம்மாவின் காப்பிக் கடை வந்தது. பிறகு பெரிய விமானங்கள் வந்தன. வேலி வந்தது. அப்பாவின் வேலைக்கு இல்போ வந்தான், ஓய்வு பெறும்வரை இருந்தான். இப்போது மறுபடி ஒரு நாளைக்கு இரண்டே விமானம்தான். சௌனா இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள்.

சரி, சொன்னபடி சொல்லிவிடுகிறேன். "துவைச்சிட்டா என்ன?" என்று கேட்டது நான்தான். அது இல்போவுக்கு எப்போதும் தெரியும்.

பொறியாளர் வந்துபோன அன்று சாயங்காலம் அப்பா ஒரு பலகையில் சிவப்புச் சாயத்தால் எழுதிக் கம்பத்தில் அடித்தார். அந்த மரக்கம்பம் போய் இரும்புக் கம்பம் வந்தது, அதுவும் போய் இன்னொன்று வந்தது. ஒவ்வொரு முறையும் யாராவது அந்தப் பலகையைக் கழற்றிப் புதுக் கம்பத்தில் மாட்டிவிடுகிறார்கள். ஏன் என்று இப்போது இருக்கும் பையன்களுக்குத் தெரியாது. போன வாரம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். 'துவைக்கக் கூடாது' என்று அதில் இன்னும் எழுதியிருக்கிறது.