பன்னிரண்டாவது தட்டு

டெலிபோன் அலறியது!

காலை பத்து மணி. பனிச்சரிவு எச்சரிக்கை அலுவலகத்தில் மார்னி ஹால்வர்சன் ரிசீவரை எடுத்தாள். தினமும் மலையின் அபாயத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போடுகிறவள். இன்று போட்டது... இரண்டு.

"மார்னி, ஷெரீஃப் ஓக்ஸ் பேசறேன். வடக்குச் சரிவு உடைஞ்சு விழுந்திருச்சு. லைல் பெண்டர் உள்ள மாட்டிக்கிட்டான்."

"உயிர்...?"

"போயிருச்சு."

மார்னி அன்றைய எச்சரிக்கைத் தாளை முன்னால் இழுத்தாள்.

"கூடப் போன கோல்பி ரஸ்க் தப்பிச்சுட்டான். உன் ரெண்டை நம்பித்தான் போனோம்னு ஊர் பூரா சொல்லிட்டிருக்கான். மேலிடத்துல கொதிக்கிறாங்க. இன்னிக்கே உன் சீட்டைக் கிழிச்சிருவாங்க போல. கிளம்பி வாம்மா!"

"ரெண்டுக்குக் கீழயே 'வடக்குச் சரிவுல இறங்காதீங்க'ன்னு எழுதியிருந்தேனே ஷெரீஃப்!"

"நம்பருக்குக் கீழ எவன் படிக்கிறான்?"

உண்மைதான். எங்கள் ஊர் பெல்நாப்பில் படிக்கிறவர்கள் குறைவு. பனியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாதவர்கள் அதைவிடக் குறைவு. பல் டாக்டர்கூட வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பனி பற்றித்தான் பேசுவார்!

மலையடிவாரம்.

ஷெரீஃப் காத்திருந்தார். ஸ்ட்ரெச்சரில் லைலின் உடல். பக்கத்தில் பனிச்சறுக்கு வழிகாட்டி கோல்பி, கையில் சூடான காப்பியோடு.

"வந்துட்டாங்கப்பா மேதை! ஒரு உயிரைக் காவு வாங்கியாச்சு. திருப்திதானே?"

"இறங்கறதுக்கு முன்னாடி குழி வெட்டிப் பனியைப் பார்த்தீங்களா கோல்பி?"

"இந்த வருஷம் அந்தச் சரிவுல நான் மண்வெட்டியே வைக்கலை. நீ எதுக்கு இருக்கே?"

மார்னி அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். தன் வீட்டு வாசல் பனியைக்கூட அளந்துவிட்டுத்தான் காரை எடுக்கிற ஆசாமி இவன்.

அவள் நோட்டைத் திறந்தாள்.

"ஷெரீஃப், ரிப்போர்ட் வாசிக்கிறேன். பலவீனமான அடுக்கு நாற்பது செண்டிமீட்டர் ஆழத்துல..."

கோல்பி தொண்டையைச் செருமினான்.

"...நல்ல கெட்டியான பனி. குழி வெட்டித் தட்டிப் பார்த்திருந்தா முப்பது தட்டு தட்டினாலும் உடைஞ்சிருக்காது."

"என்னது?" என்றான் கோல்பி.

"யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. கோல்பி மாதிரி ஆளாலயும்."

காப்பி கீழே கொட்டியது!

"என்னாலயா முடியாது? நாற்பதாம்ல நாற்பது! எழுபத்திரண்டு! சர்க்கரை மாதிரி உதிர்ற பனி! முப்பது தட்டாம்! பன்னிரண்டாவது தட்டுலயே மொத்தமா வழுக்கிட்டு வந்துச்சு! பனி தெரியாதவங்கள்லாம் ரிப்போர்ட் எழுத வந்துட்டாங்க!"

ஷெரீஃப் மெதுவாக முன்னால் வந்தார்.

"ஏன் மார்னி, தட்டுன்னா என்ன?"

"பனியைத் தூண் மாதிரி வெட்டி, மேல மண்வெட்டியை வச்சு, உடையற வரைக்கும் எண்ணிக்கிட்டே கையால தட்டுவோம். வேணும்னுதான் தப்பா வாசிச்சேன் ஷெரீஃப். எழுபத்திரண்டு செண்டிமீட்டரை இப்ப யார் வேணா அளக்கலாம். எத்தனாவது தட்டுல போச்சுங்கறது... சரிவு விழறதுக்கு முன்னாடி வெட்டிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்."

கோல்பியின் முகம் வெளிறியது.

"நேத்து... சும்மா..."

"நேத்தே வெட்டியிருக்கே. உடையும்னு தெரிஞ்சிருக்கு" என்றார் ஷெரீஃப். "ஒருத்தர் பத்திரமா இறங்கின பிறகுதான் அடுத்தவர். அதானே உங்க வழக்கம்? முதல்ல லைலை இறங்கச் சொன்னது யாரு?"

கோல்பி ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"உன் வழிகாட்டி லைசென்ஸைப் பிடுங்கச் சொல்லி லைல் எழுதின மனு அவன் சட்டைப் பையில இருக்கு தம்பி. நனைஞ்சிருக்கு. ஆனா படிக்க முடியுது."

விலங்கு மாட்டப்பட்டது!

மார்னி ஸ்ட்ரெச்சர் பக்கம் போய் நின்றாள். வேலை தப்பியது. ஆனாலும் சந்தோஷப்பட முடியவில்லை. லைல் நல்லவன். அவளுடைய எச்சரிக்கையைக் கடைசி வரி வரை படிக்கிற நாலைந்து பேரில் ஒருவன். இன்று மட்டும் கூட வந்தவனை நம்பிவிட்டான்.

ஷெரீஃபின் ஜீப் உறுமியது. ஜன்னல் வழியே கோல்பியின் தலை நீண்டது.

"மார்னி! ஜெயிலுக்குப் போறேன், பரவாயில்ல! அந்த ரிப்போர்ட்ல எழுபத்திரண்டுன்னு திருத்து! ஊர்ல என் மானம் போயிரும்!"

மார்னி நோட்டையும் பேனாவையும் ஜன்னலுக்குள் நீட்டினாள்.

"தாராளமா திருத்திக்கோங்க கோல்பி. எத்தனாவது தட்டு, எந்தத் தேதின்னும் எழுதி, கீழ ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க!"