பன்னிரண்டாம் கண்ணாடி

மற்ற பதினோரு கண்ணாடிகளிலும் விளக்கு எரிந்த பிறகே பன்னிரண்டாவதில் எரிந்தது. கண் சிமிட்டும் நேரம்தான் தாமதம். சபிதா சுவிட்சை அணைத்து மறுபடி போட்டாள். மறுபடியும் அப்படியே.

"யூஜின், அந்தக் கடைசிக் கண்ணாடியில லேட்டா எரியுது, பாத்தியா?"

"நடுவுல ஒரே ஒரு பல்புதானேக்கா கிடக்கு? கண்ணாடி எப்பிடி லேட்டாவும்?" கண்ணாடிகளைப் பொருத்திய யூஜின் சிரித்தான். "காலையிலேருந்து நீங்க ஒண்ணும் தின்னல்ல. நான் போயி சாயா வாங்கிட்டு வாறேன்."

அவன் போனதும் அவளுக்குள் ஒரு நிலைகொள்ளாமை. நாளைக்கு இந்தக் கண்ணாடி அறை பார்வையாளர்களுக்குத் திறப்பு. சிறுவயதில் அய்யாவழி வழிபாட்டு இடமான நிழல்தாங்கலில் இரண்டு விளக்குகளுக்கு நடுவே இருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, சாமி உனக்குள்ளேதான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டபோது கிடைத்த நிம்மதியை எல்லோருக்கும் கொடுக்க நினைத்துத்தான் இந்த அறையைச் செய்தாள். அங்கே கண்ணாடி ஒன்றுதான். இவள் ஆசை அடங்காமல் பன்னிரண்டை வட்டமாக நிறுத்தி, ஒன்றையொன்று பார்க்க வைத்திருந்தாள்.

பள்ளிக்கூடம் லீவு என்று கூட வந்திருந்த ஆறு வயது மகள் ரெஜிஷா, நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து தன்னைத்தானே எண்ணிக்கொண்டிருந்தாள். சபிதா கதவை மூடியதும் வெளியே மயிலாடிக் கல்சிற்பப் பட்டறைகளின் உளிச்சத்தமும், தகரக்கூரையில் விழுந்த மத்தியான மழையும் ஒருசேர நின்று, கண்ணாடி ஒட்டிய பசையின் புளித்த வாடை மட்டும் மூக்கில் ஏறியது.

சபிதா பன்னிரண்டாவது கண்ணாடியில் விரல் நகத்தை வைத்தாள். கண்ணாடி வேலைக்காரர்கள் எல்லோரும் செய்கிற சோதனைதான். நகத்துக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவில் கண்ணாடியின் கனம் அளவுக்கு இடைவெளி தெரிய வேண்டும். முன்னே பதினொன்றிலும் தெரிந்தது.

இதில் இல்லை. நகத்தை நகம் தொட்டது. இளஞ்சூடாக இருந்தது.

கையை இழுத்துக்கொண்டாள்.

"அம்மா."

"என்ன மக்கா?"

"அங்க ஒரு பிள்ளை மட்டும் நான் செய்யதெ செய்யல்ல. சும்மா என்னயே பாத்துட்டு நிக்கா."

"எழும்பு. நாம வெளிய போவோம்."

"அவ கூப்பிடுகா, அம்மா."

கரண்ட் போனது.

இருட்டு. தன் மூச்சுச் சத்தம். சின்னப் பாதங்கள் ஓடும் சத்தம். ஒரு ஜோடியா? இரண்டா?

"ரெஜி! ஏட்டி, எங்க இருக்க?"

கைகளை நீட்டித் துழாவினாள். கண்ணாடி. கண்ணாடி. மறுபடியும் கண்ணாடி. பிறகு ஒரு கை. சின்னக் கை. சூடாக இருந்தது. பிள்ளை கிடைத்துவிட்டாள். அழுகை வந்துவிட்டது சபிதாவுக்கு. அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, தடவித் தடவிக் கதவைக் கண்டுபிடித்துத் தள்ளினாள். மழைச்சத்தம் திரும்பி வந்தது.

கரண்டும் வந்தது.

வாசலில் நின்றபடி திரும்பிப் பார்த்தாள். எதிரே கண்ணாடிகளில் அவள் நின்றிருந்தாள். தலை கலைந்து, முகம் வெளிறி, இரண்டு கைகளாலும் எதையோ அணைத்தபடி. அந்தக் கைகளுக்குள் ஒன்றுமே இல்லை.

"வீட்டுக்குப் போவோம், அம்மா," என்றது தோளில் இருந்த குரல். கழுத்தைச் சுற்றியிருந்த பிடி மெல்ல இறுகியது.

பன்னிரண்டாவது கண்ணாடிக்குள், விளக்குகள் வரிசை வரிசையாகப் போய் மறையும் ஆழத்திலிருந்து, ரெஜிஷா ஓடி வந்தாள். இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை அடித்தாள். வாய் அம்மா அம்மா என்று திறந்து மூடியது. சத்தமே வரவில்லை.