செருப்பில்லாத குழி

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு ஆட்கள் போய்விட்டால், ஆம்பூர் தோல் கிடங்கில் ஒரு மணி நேரம் ஈ காக்கை இருக்காது. அதுதான் காசியின் வேலை நேரம். தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி, அடியில் படிந்த சேற்றைச் சுரண்ட வேண்டும்.

ரங்கூனிலிருந்து படிக்க வந்தவன் அவன். பர்மா தனி நாடாகிவிட்ட சமயம். கூலி வேலை செய்தால் அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பப்படுவான் என்று அவனுடைய அனுமதிக் கடிதத்தில் எழுதியிருந்தது. வீட்டிலிருந்து மணியார்டர் நின்றுவிட்டது. விடுதியில் சோறு வேண்டுமே.

குழியில் இறங்குகிறவன் செருப்பைக் கரையில் விட்டுத்தான் இறங்குவான். கரையில் செருப்பு இல்லையென்றால் குழி காலி என்று சுண்ணாம்புப் பாலைத் திறந்துவிடுவார்கள். காசியுடையதோ வெல்வெட் வார் வைத்த பர்மாச் செருப்பு. ஊரில் வேறு யாரிடமும் இல்லை. விடுதி வார்டன் கோதண்டராமன் அந்த வழியாகத்தான் தபால் ஆபீசுக்குப் போவார்; பார்த்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். ஆட்கள் வருவதற்குள் ஏறிவிடலாம் என்று, அதை ஆவாரம்பட்டைக் குவியலுக்குள் செருகிவிட்டு இறங்கினான்.

இரண்டு ஆள் ஆழம். ஊறிய மயிரின் நாற்றம். தலைக்கு மேல் சதுரமாக வெயில். ஊரே தன்னை மறந்துவிட்டதுபோல் இருந்தது அவனுக்கு.

எதிர்ச் சுவரோரம் இன்னொருவர் சுரண்டும் சத்தம் கேட்டது.

காசி கையை நிறுத்தினான். சத்தம் நிற்கவில்லை.

"செருப்ப மேல வை தம்பி."

காதருகே ஒரு குளிர்ந்த மூச்சு.

ஏணியை நோக்கித் திரும்பினான். கால் பெயரவில்லை. மேலே மதகு கிறீச்சிட்டது. வெள்ளையாகப் பால் கொட்டியது.

முழங்கால்.

இடுப்பு.

நின்றது.

"யாருப்பா உள்ள? செருப்பு இருக்குதே."

தொழுகை முடிந்து திரும்பியிருந்த மேஸ்திரி முனீர் அகமது அவனை இழுத்துப் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்.

"செருப்ப வெச்சதால பொழச்ச."

"நான் வெக்கல பாய். பட்டைக்குள்ள ஒளிச்சேன்."

பர்மாச் செருப்பு கரையில் ஜோடியாக இருந்தது. வாரில் ஈரச் சுண்ணாம்பு விரல்தடங்கள் பதிந்திருந்தன.

முனீர் அந்த வாரைத் தொட்டுப் பார்த்தார்.

"போன வருஷம் ஒருத்தன் இப்டித்தான் ஒளிச்சான். நான்தான் தெறந்து வுட்டேன். கடல் தாண்டிப் படிக்க வந்த பையன்னு பின்னாடிதான் காதுல வுழுந்துச்சு. பேரு கூட கேக்காம பொதச்சோம்."

"அவங்க அம்மாவுக்குச் சொன்னீங்களா?"

"பேரே தெரியாதப்ப யாருக்குன்னு எழுதறது தம்பி?" என்றார் முனீர்.

கடிதம் எழுத வேண்டுமானால் விலாசம் வேண்டும். அது விடுதிப் பதிவேட்டில்தான் இருக்கும்; கேட்டால் நடந்ததை வார்டனிடம் சொல்ல வேண்டும். சொன்னால் தனக்குக் கப்பல்தான். ரங்கூனில் தபால்காரனுக்காக வாசலில் நிற்கும் தன் தாயை நினைத்துக்கொண்டான் காசி. குழியோரம் மண்டியிட்டான்.

"அண்ணே, சொல்லுங்க. நான் எழுதறேன். உங்க பேரு இன்னா?"

ஈரச் சுவரில் ஒரு விரல் அகலத்துக்குச் சுண்ணாம்பு விலகியது. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு பெயர். தகப்பன் பெயர். யாழ்ப்பாணம்.

காசி உரக்கப் படித்தான். முனீர் அழுதுகொண்டே திருப்பிச் சொன்னார்.

சுவரில் விரல் நின்றது.

பிறகு, அதன் கீழே, வேறொரு கையெழுத்தில், இன்னொரு பெயர் எழுதப்படத் தொடங்கியது.